பாக்கியம் கொடுத்த கடிகாரம்

வாட்ச் ரிப்பேர் கடைக்குள்ள நுழைஞ்சிட்டோமான்னு பாக்குறீங்க, அப்படித்தானே டீச்சர்? வீடுதான். தைரியமா வாங்க. அந்த நாற்காலி வேணாம், இப்படி உக்காருங்க. அதுக்கு நேர் மேல குருவிக் கடிகாரம் இருக்கு. மணிக்கு ஒரு தடவ கத்தும். கேஸ் போட வர்றவரு ஒருநாள் அது கத்துனதுல திடுக்கிட்டு, சிலிண்டரைக் கால்லயே போட்டுக்கிட்டாரு.

ரூமைப் பாக்கலாம். பின்னாடிதான் இருக்கு, எங்கயும் ஓடிறாது. முதல்ல காப்பியக் குடிங்க. உங்க ஹெச்.எம். என்னைப் பத்தி என்ன சொன்னாங்க? ராசகனியம்மா தனியா இருக்காங்க, நல்லவங்க, கொஞ்சம் பேச்சுதான் ஜாஸ்தின்னு சொல்லியிருப்பாங்க. பேச்சு ஜாஸ்தியெல்லாம் இல்ல. ஆளு கிடைக்கும்போது பேசிக்கிறது. இந்தப் பக்கம் நீங்களே பாத்தீங்கள்ல, பிளாட்டு போட்டுக் கல்லு நட்டு வச்சிருக்கான், கல்லுக்குப் பின்னாடி கருவேலம் நிக்குது. எதுத்த வீடு கட்டி முடிச்ச நாள்ல இருந்து பூட்டித்தான் கிடக்கு. நான் யாருகிட்ட பேசட்டும்?

உங்களுக்கு வாடகை எல்லாம் பெருசா ஒண்ணும் இல்ல டீச்சர். எனக்கு ஒரு ஆளு துணைக்கு இருந்தாப் போதும். சாயங்காலம் கேட்டைத் திறந்துக்கிட்டு ஒருத்தர் உள்ள வரணும், அந்தச் சத்தம் கேக்கணும். கும்பிடப் போன சாமி குறுக்க வந்த மாதிரி வந்திருக்கீங்க. ஒரே ஒரு கண்டிசன்தான். அதை அப்புறம் சொல்றேன். கடிகாரத்துக் கதையச் சொன்னாத்தான் அது உங்களுக்கு விளங்கும்.

நாங்க காலம்பூரா வாடகை வீட்டுல இருந்தவங்க. ஆணி அடிக்கிற சத்தம் கேட்டா ஹவுஸ் ஓனர் வாசல்ல வந்து நிப்பாரு. எங்க வீட்டுக்காரரு சொல்லுவாரு, ராசகனி, சொந்த வீடுன்னு ஒண்ணு கட்டினா, ஆசை தீர ஆணி அடிக்கணும், ஒண்ணும் மாட்டலைன்னாலும் பரவாயில்ல, சும்மாவாச்சும் அடிக்கணும்னு. அவரு பாக்கக் கொடுத்து வைக்கல. எம் மகன் பாலன் மஸ்கட்டுல இருந்து சம்பாரிச்சு அனுப்பிக் கட்டினது இது. வாசல்ல பேரு பாத்தீங்கள்ல, கறுப்புக் கல்லுல வெட்டியிருக்கு.

பால் காய்ச்சுன அன்னைக்குச் சொந்தபந்தம் அம்புட்டும் வந்துச்சு. என்னென்ன கொண்டாந்தாங்கன்னு நினைக்கிறீங்க? ரெண்டு குத்துவிளக்கு, ஒரு பிள்ளையார், ஒரு வெங்கடாசலபதி. மிச்சம் பூராம் கடிகாரம். ஏன்னா கடிகாரம்னா டப்பா பெருசாத் தெரியும். கையில தூக்கிட்டு வந்தா நாலு பேரு பாப்பான். அதோட கடைக்காரன் பேரும் அடிச்சுக் கொடுத்துர்றான். அன்பளிப்புன்னு மேல போட்டு, இன்னார் குடும்பத்தார்னு கீழ போட்டு, நடுவுல முள்ளு. அதுக்கப்புறம் வர்றவன் மணியவா பாப்பான்? பேரைத்தான் பாப்பான்.

ஒருத்தருக்கொருத்தர் கேட்டுக்கிட்டு வாங்கியிருக்கக் கூடாதான்னு நீங்க கேக்கலாம். கேக்க மாட்டாங்க டீச்சர். கேட்டா நம்ம என்ன வாங்கப் போறோம்னு தெரிஞ்சு போகும்ல.

இதுல என்ன வில்லங்கம்னா, எம் மகன் சுவத்துல ஆணி அடிக்கக் கூடாதுன்னுட்டான். "ஏம்மா, மூணு கை பட்டி பாத்து, பிரைமர் அடிச்சு, கண்ணாடியா வச்சிருக்கு. நீ பாட்டுக்கு ஆணிய அடிச்சேன்னா பெயர்ந்து வந்துரும். ஹால்ல ஒரே ஒரு ஆணி. அதையும் டிரில் போட்டு நானே அடிச்சுத் தந்துட்டுப் போறேன்"னான். அப்படியே அடிச்சுக் கொடுத்துட்டு, அடுத்த வாரம் பொண்டாட்டி பிள்ளையோட பிளைட் ஏறிட்டான். அவுக அப்பா படத்தைக் கூட மாட்டல. அலமாரி மேல சாத்தி வச்சிருந்தோம். மனுசன் சொந்த வீட்டுலயும் சாஞ்சுக்கிட்டுதான் இருந்தாரு.

அந்த மூலையில தெரியுதே, அது கேமரா. திருட்டுப் பயத்துக்கு வச்சது. அவன் அங்க இருந்து போன்லயே இந்த ஹால் பூராத்தையும் பாப்பானாம். முதல்ல எனக்குக் கூச்சமா இருந்துச்சு. அப்புறம் பழகிருச்சு. இப்ப தட்டை எடுத்துக்கிட்டு வந்து, அதுக்கு எதுக்க உக்காந்துதான் சாப்பிடுறது. என்ன குழம்புன்னு சில நாள் சொல்லுவேன். சத்தம் கேக்காதாம், படம் மட்டுந்தானாம். இருக்கட்டும், சொல்றதுல என்ன குறைஞ்சு போச்சு.

அந்த மரமா? அது ஸ்டிக்கரு. மருமக வாங்கி ஒட்டினது. கிளை கிளையா பிரேம் மாட்டியிருக்கு பாருங்க, அதுல எங்க குடும்பத்துப் போட்டோவெல்லாம் வரணும். பிரிண்ட் போட்டு அனுப்புறோம் அத்தைன்னா. இப்ப இருக்கிறவங்க யாரோ வெள்ளைக்காரங்க. பிரேம் வாங்கும்போதே உள்ள இருந்தவங்க. எடுத்துறலாம்னுதான் இருந்தேன், எடுத்தா வெறும் ஓட்டையால்ல இருக்கும்? அந்தப் பொம்பளப் பிள்ள சிரிக்கிது பாருங்க, அதுக்கு நான் குட்டிம்மான்னு பேரு வச்சிருக்கேன். எம் பேத்தி வயசுதான் இருக்கும்.

சரி, கடிகாரத்துக்கு வர்றேன். ஆணி ஒண்ணு. கடிகாரம் கட்டில் நிறையா. கொடுத்தவுக ஒவ்வொருத்தரும் வீட்டுக்குள்ள காலெடுத்து வைக்கும்போதே சுவத்தைத்தான் பாப்பாக. அதனால நான் ஒரு வழி பண்ணினேன். யாரு வர்றாகன்னு போன் வருதோ, அவுக கடிகாரத்தை எடுத்து ஆணியில மாட்டிறது. மத்ததெல்லாம் பின் ரூமுல கிடக்கும். பெரிய மச்சான் வந்தா பெரிய மச்சான் கடிகாரம். பழைய தெருக்காரங்க வந்தா அவுக கடிகாரம். "அடடே, நம்மளதத்தான் மாட்டியிருக்கீகளா"ன்னு கேக்கும்போது அவுக மூஞ்சியப் பாக்கணுமே. காப்பி கொடுக்காட்டிக் கூடப் பரவாயில்ல, வயிறு நிறைஞ்சிரும். ஒருத்தருக்கும் மனசு நோகாம எம்புட்டு நாள் ஓட்டியிருக்கேன் தெரியுமா? எம் மூளைய நானே மெச்சிக்கிட்டேன்.

இதுல பெரிய கண்டம் எங்க நாத்தனா சொர்ணத்தாய். அவ கொடுத்தது அந்தா, மயில் தோகை விரிச்ச மாதிரி, கீழ பெண்டுலம் ஆடுதே, அது. மாட்டியிருந்தா மட்டும் போதாது, ஓடணும், சரியான மணி காட்டணும். தன் கைக்கடிகாரத்தோட ஒத்துப் பாப்பா. அண்ணன் செத்ததுக்கப்புறம் மதினி நம்மள மதிக்கலைன்னு ஊர் பூராச் சொல்ல அவளுக்கு ஒரு சாக்கு வேணும்.

இன்னொண்ணு எந் தங்கச்சி கொடுத்தது. பாக்கியக்கனி. நாங்க பாக்கியம்போம். நடுச்சுவத்துல இருக்கு பாருங்க, வட்டமா, சாதாரணமா, வெள்ளையா. மயிலும் இல்ல, குருவியும் இல்ல. தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போறவ, அவளால முடிஞ்சது. எல்லாரும் குடும்பத்தார்னு போட்டிருக்காகள்ல, அவ மட்டும் "அக்காவுக்கு – பாக்கியம்"னு போட்டிருக்கா. மகன் பேரு போடல, மருமக பேரு போடல. கடைக்காரன் கேட்டானாம், இம்புட்டுதானாம்மான்னு. இம்புட்டுதான்னாளாம்.

எனக்கும் அவளுக்கும் மூணு வயசுதான் வித்தியாசம். சின்னதுல இருந்தே ஒரு கிறுக்கு உண்டு அவளுக்கு, சொன்னாச் சிரிப்பீங்க. தலையணை. அவ தலையணை இல்லாட்டி அவளுக்குத் தூக்கம் வராது. இலவம்பஞ்சுத் தலையணை, கல்லு மாதிரி இருக்கும். ஒரு ராத்திரின்னா எங்க போனாலும் முழிச்சே கிடந்துருவா. அதுக்கு மேல தங்கணும்னா தலையணைய இடுக்கிக்கிட்டுதான் போவா. பாலனைப் பெத்து நான் கிடந்தப்ப ஒரு மாசம் வந்து எனக்குப் பத்தியம் பாத்தா. பஸ்ஸுல தலையணையோட ஏறுனவளப் பாத்து, கண்டக்டர், அதுக்கும் ஒரு டிக்கெட் எடும்மான்னாராம். அவ நிசம்னு நினைச்சு எடுத்துட்டு வந்துட்டா. அப்படி ஒரு வெள்ளந்தி.

புருசன் போயிட்டான் அவளுக்கும். பந்தல்குடியில மகன் வீட்டுல இருந்தா. மருமகளோட என்னமோ சின்னச் சின்னச் சடவு. எந்த வீட்டுலதான் இல்ல? வாரத்துக்கு ஒரு தடவ போன் பண்ணுவா. அக்கா, உனக்கு அங்க தனியா இருக்கப் பயமா இல்லியாங்குவா. பயமாத்தான்டி இருக்கு, என்ன செய்யட்டும்பேன். அந்தப் பின் ரூமு சும்மாதான கிடக்குங்குவா. சும்மா எங்கடி கிடக்கு, கடிகாரம் பூராம் அதுலதான அடுக்கி வச்சிருக்கேன்பேன். அவ சிரிப்பா. அப்பயே எனக்கு லேசாத் தட்டுப்பட்டுச்சு டீச்சர். இவ எதுக்குப் பின் ரூமு பின் ரூமுங்கிறா? தன் கடிகாரத்தை மாட்டாம அங்க போட்டு வச்சிருக்கேனான்னு வேவு பாக்குறான்னு நினைச்சேன். அதே மாதிரிதான் ஆச்சு.

எல்லாரும் போன் பண்ணிட்டு வருவாங்க. பாக்கியம் மட்டும் பண்ண மாட்டா. அக்கா வீட்டுக்கு வர்றதுக்கு எதுக்குப் போனும்பா. அன்னைக்குப் பாத்து சொர்ணத்தாய் வர்றேன்னு சொல்லியிருந்தா. காலையில மயில் கடிகாரத்தை எடுத்துப் பாக்குறேன், நின்னு கிடக்கு. செல்லு தீந்து போச்சு. செல்லு வாங்கணும்னா டவுனுக்குப் போகணும். அம்புட்டு நேரம் இல்ல. கட்டில்ல இருந்த கடிகாரத்தை எல்லாம் ஒவ்வொண்ணாப் பாத்தேன். பெரிய மச்சானுதுல எடுத்தா, அவரு திடீர்னு வந்துட்டா? பழைய தெருக்காரங்களதுல எடுத்தா நல்லாவா இருக்கும்? கடைசியில பாக்கியத்துதுல இருந்து எடுத்து மயிலுக்குப் போட்டேன். நம்ம பாக்கியம்தான, அவ என்ன நினைச்சுக்கிறப் போறான்னுதான் எடுத்தேன். வேத்து ஆளுகிட்ட அப்படிச் செய்ய முடியுமா?

அன்னைக்கு மத்தியானம் சாப்பிட்டுப் பாத்திரம் கழுவிக்கிட்டு இருக்கேன், கேட்டுச் சத்தம் கேக்குது. சொர்ணத்தாய் அதுக்குள்ள வந்துட்டாளேன்னு ஓடி வந்து பாத்தா, பாக்கியம் நிக்கிறா. எனக்கு எப்படி இருந்திருக்கும் பாருங்க. கையில பையோட வந்து, இந்தா, இப்ப நீங்க உக்காந்திருக்கீங்களே, இந்த இடத்துலதான் உக்காந்தா. மூஞ்சியெல்லாம் வாடிப் போயிருந்துச்சு. வெயில்ல நடந்து வந்திருக்கா. உக்காந்ததும் சுவத்தைத்தான் பாத்தா. மயிலு ஆடிக்கிட்டு இருக்கு.

"அக்கா, ஒண்ணு சொல்லணும்னு வந்தேன்"னா.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம், எனக்குத் தெரியும்"னேன். விறுவிறுன்னு பின் ரூமுக்குப் போயி அவ கடிகாரத்தை எடுத்துட்டு வந்து காட்டினேன். பாருடி, தூசி படாம வச்சிருக்கேன், துணி போட்டு மூடி வச்சிருக்கேன், நேத்து வரைக்கும் நீ வந்திருந்தா இதுதான்டி ஆணியில தொங்கியிருக்கும்னு ஒரு பொய்யும் சொன்னேன். அவ அதைக் கையில வாங்கி மடியில வச்சுக்கிட்டா. "நின்னு போச்சாக்கா?"ன்னா. நிக்கலடி, செல்லைத்தான் எடுத்திருக்கேன்னேன். எதுக்குன்னு கேக்கல. மயிலைப் பாத்தா. அவளுக்கே விளங்கிருச்சு.

மறுபடியும் அக்கான்னு ஆரம்பிச்சா. நான் விடல டீச்சர். சொர்ணத்தாய் எப்படிப்பட்டவ, அவளுக்கு மாட்டாட்டி என்ன ஆகும், பாலன் எதுக்கு ஒரு ஆணி மட்டும் அடிச்சான், எல்லாத்தையும் புட்டுப் புட்டு வச்சேன். உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடின்னு சொல்லிக்கிட்டு இருக்கும்போதே சொர்ணத்தாய் வந்து நின்னுட்டா. அவ வந்ததும் வராததுமா சுவத்தைப் பாத்துட்டு, கைக்கடிகாரத்தைப் பாத்துட்டு, "பரவாயில்லயே மதினி, மணி சரியா இருக்கே"ன்னா. பாக்கியம் தலைய நிமித்தவே இல்ல. மடியில இருந்த கடிகாரத்தை முந்தானையால தொடச்சுக்கிட்டே இருந்தா.

நான் காப்பி போட எந்திரிச்சேன். பாக்கியம் பின்னாடியே அடுப்படிக்கு வந்தா. "அக்கா, நான் ரெண்டு வார்த்தை பேசணும். அவுக போனதுக்கப்புறமாவது பேசலாமா?"ன்னா. அவ போறதுக்குச் சாயங்காலம் ஆகும்டி, நீ என்ன சொல்லப் போற, கடிகாரந்தான, அதைத்தான் நான் சொல்லிட்டேன்லன்னேன்.

அவ முந்தானைய இழுத்துச் செருகிக்கிட்டா. அப்புறம் சொன்னா. "ஆமாக்கா. கடிகாரந்தான்."

கேட்டீங்களா டீச்சர்? அவ வாயாலயே சொல்லிட்டா, கடிகாரந்தான்னு. நாளைக்கு யாராச்சும், ராசகனி தங்கச்சிய என்னமோ பண்ணிட்டான்னு சொன்னா, நீங்க சாட்சி. காப்பியக் கூடக் குடிக்கல. நாலரை மணி பஸ்ஸு வந்துரும்னு பையத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிட்டா. நான் ஜன்னல்ல இருந்து பாக்குறேன், ரோசத்துல அவளுக்கு எந்தப் பஸ்ஸுல ஏறுறோம்னே தெரியல. பந்தல்குடி போகணும்னா எதுத்த பக்கம் நின்னு டவுனுக்குப் போயி மாறணும். அவ இந்தப் பக்கமே நின்னு திருச்சுழி பஸ்ஸுல ஏறிப் போயிட்டா. அடுத்த ஸ்டாப்புல இறங்கித் திரும்புவான்னு நினைச்சுக்கிட்டு வந்து, சொர்ணத்தாய்க்கு முறுக்கு எடுத்து வச்சேன்.

கடிகாரத்தைச் சோபாவுல வச்சிட்டுப் போயிருந்தா. கண்ணாடியில ஒரு பொட்டு தூசி இல்ல.

அப்புறம் போன் இல்ல. சரி, ரோசம் தணியட்டும்னு நானும் விட்டுட்டேன். நான் மூத்தவ, நான் எதுக்கு முதல்ல பண்ணனும்? ஒரு மாசம் கழிச்சு அவ மகன் வீரக்குமார் கூப்பிடுறான். "பெரியம்மா, அம்மா எப்படி இருக்கு? மாத்திரையெல்லாம் ஒழுங்காச் சாப்பிடுதா? உங்க ஊர்த் தண்ணி ஒத்துக்கிச்சா?"ங்கிறான். என்னடா எங்கிட்டக் கேக்குறன்னேன். "அக்கா வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டுத்தான பெரியம்மா வந்துச்சு"ன்னான். வந்துட்டு அன்னைக்கே போயிட்டாளேடான்னேன். பெத்த தாயி எங்க இருக்கான்னு ஒரு மாசமாத் தெரியாத பிள்ளையப் பாத்தீங்களா? என்ன பிள்ள வளத்திருக்கா பாருங்க. எம் மகன் அப்படி இல்ல, கேமரா வச்சுல்ல பாக்குறான்.

விசாரிச்சதுல, திருச்சுழிக்கு அங்கிட்டு ஒரு ஹோமு இருக்காம். வயசானவங்களை வச்சுப் பாக்குற எடம். அங்க சமையலுக்கு இருக்காளாம். அங்கயே சாப்பாடு, அங்கயே படுக்கை. எதுக்கு இந்த வயசுல அவளுக்கு அந்த வேலை? ஒரு கடிகாரத்துக்காக இம்புட்டு ரோசமா ஒரு பொம்பளைக்கு? வீரக்குமார்கிட்டச் சொல்லிவிட்டேன், உங்க அம்மா கடிகாரத்தை நடுச்சுவத்துல மாட்டியாச்சு, இனி எந்தச் சொர்ணத்தாய் வந்தாலும் எடுக்க மாட்டேன், வந்து பாத்துட்டுப் போகச் சொல்லுன்னு. போயிச் சொல்லியிருக்கான். "நல்லா ஓடுதா?"ன்னு மட்டும் கேட்டாளாம். ஓடுதுன்னு சொல்லியிருக்கான். சரின்னாளாம்.

அதுக்கப்புறந்தான் இந்தச் சுவரு இப்படி ஆச்சு. எனக்கு ஆத்திரம். ஒரு ஆணியால வந்த வினைதானன்னு, டவுன்ல இருந்து டிரில்லிங் மெஷின்காரரக் கூட்டியாந்து, எங்க வீட்டுக்காரரு ஆசைப்பட்ட மாதிரி அடிக்கச் சொன்னேன். பாக்கியத்துது அந்தப் பழைய ஆணியிலயே நடுவுல இருக்கட்டும்னேன். அப்புறம் அவரு படம். அப்புறம் மயிலு, குருவி, அம்புட்டும். பட்டி பெயர்ந்து பொலபொலன்னு கொட்டுது. கொட்டட்டும்னேன். கேமராவுக்கு நேரா நின்னு, பாத்துக்கடான்னு சொன்னேன்.

இப்பப் போன் வரும், இப்பத் திட்டுவான்னு உக்காந்திருந்தேன் டீச்சர். என்னம்மா பண்ணி வச்சிருக்கன்னு கத்துவான், நானும் பதிலுக்குக் கத்தணும்னு வார்த்தையெல்லாம் சேத்து வச்சிருந்தேன். அன்னைக்கு வரல. மறுநாளும் வரல. ஒருவேளை தெரியலியோன்னு மரத்துக்குப் பக்கத்துல இன்னொரு ஆணி நானே சுத்தியல வச்சு அடிச்சேன். ஒண்ணும் மாட்டல, சும்மா அடிச்சது. ஞாயித்துக்கிழமை கூப்பிட்டான். சாப்பிட்டியாம்மா, மழை பேஞ்சுச்சாம்மான்னு கேட்டுட்டு வச்சிட்டான். சுவரைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. நெட்டு சரியாக் கிடைக்காது போல அங்க. வேலை வேற. வெயிலு. பாவம், அவன் என்ன செய்வான். இப்பவும் ரெண்டு நாளைக்கு ஒரு ஆணி அடிக்கிறது. என்னைக்காவது பாப்பான்ல.

இம்புட்டையும் மாட்டி வச்சேன், யாரு வந்தாலும் அவங்கவங்க பேரு சுவத்துல இருக்கு. ஒருத்தரும் குறை சொல்ல முடியாது. ஆனா வர்றதுதான் யாரும் இல்ல. சொர்ணத்தாயும் வர்றதில்ல, மயிலு ஓரத்துக்குப் போயிருச்சுன்னு கேள்விப்பட்டிருப்பா. மத்தியானத்துல இத்தனையும் ஒண்ணா ஓடுற சத்தம் கேக்கணுமே. ஒண்ணு நாலுங்கும், ஒண்ணு மூணே முக்காலுங்கும். எத எதன்னு சரி பண்றது? செல்லு தீரத் தீர ஒவ்வொண்ணா நிக்கட்டும்னு விட்டுட்டேன். பாக்கியத்துது மட்டும் நிக்க விடுறதில்ல. டவுனுக்குப் போறப்பல்லாம் அதுக்குன்னு செல்லு வாங்கிட்டு வந்துருவேன். அது ஒண்ணுதான் இந்த வீட்டுல சரியான மணி.

இப்பக் கண்டிசனச் சொல்லிர்றேன். ரூமு உங்களுக்குத்தான். கட்டில் இருக்கு, மெத்தை புதுசு, பேன் இருக்கு, சாயங்காலம் நல்லாக் காத்து வரும். உங்க வீட்டுப் படம், காலண்டர், எதை வேணும்னாலும் எங்க வேணும்னாலும் மாட்டிக்கங்க, ஆணிக்குப் பயப்படாதீங்க. இந்த நடுச்சுவத்துல இருக்கிறத மட்டும் எடுக்கக் கூடாது. என்னைக்காவது பாக்கியம் சொல்லாம கொள்ளாம வந்து நிப்பா. வந்து உக்காந்ததும் அவ கண்ணுல அதுதான் படணும். அப்பத்தான் எம் மேல இருக்கிற கோவம் தீரும். எனக்கு அவளை விட்டா வேற யாரு டீச்சர் இருக்கா? இந்த வீட்டுல ராத்திரி லைட்டை அணைச்சா, அவ இல்லாததுதான் முதல்ல தெரியுது.

தலையணையும் நான் தர்றேன். இல்ல, உங்களுக்கும் உங்க தலையணைதான் வேணும்னா கொண்டாந்துருங்க.

என்ன டீச்சர், காப்பியக் கீழ வச்சிட்டீங்க? சீனி கம்மியா?

என்ன கேட்டீங்க? அன்னைக்குக் கையில என்ன கொண்டாந்தாளா? எப்பவும் கொண்டார்றதுதான். மஞ்சப் பை. அதுல கொஞ்சம் பூ இருக்கும், எனக்குச் சேவு வாங்கிட்டு வருவா. கையோட பையத் திருப்பி வாங்கி மடிச்சு இடுப்புல செருகிக்கிட்டுப் போவா.

இல்ல. அன்னைக்கு மஞ்சப் பை இல்ல. பெருசு. ஜிப்பு வச்ச பையி. வீரக்குமார் கல்யாணத்துல வந்த பையி. கீழ வச்சா, கால்ல இடிக்குதுன்னு நாந்தான் அதைத் தள்ளி சோபாவுக்குப் பின்னாடி வச்சேன். கனமா இருந்துச்சு. ஜிப்பு மூடல. மூட முடியாம நடுவுல துருத்திக்கிட்டு நின்னுச்சு. பச்சைக் கோடு போட்ட உறை. கையில தட்டுப்பட்டுச்சு, கல்லு மாதிரி.

அவ தலையணை.

டீச்சர், கொஞ்சம் அந்த மணியப் பாத்துச் சொல்லுங்க, எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. அது இல்ல, அது நிக்கிது. மயிலப் பாக்காதீங்க, அது சும்மா ஆடிக்கிட்டு இருக்கும். நடுவுல இருக்கிறதப் பாருங்க. நாலரைக்கு இன்னும் நேரம் இருக்கா? திருச்சுழி பஸ்ஸு இந்தப் பக்கந்தான் நிக்கும்.

சேலை இதே இருக்கட்டும். அந்த ரூமை நான் உங்களுக்குத் தர முடியாது போல டீச்சர், தப்பா நினைக்காதீங்க. சாவி டி.வி. மேல இருக்கு. எனக்குச் செருப்பு போடணும், கதவ மட்டும் நீங்க பூட்டிட்டு வாங்க.